அந்தப் பெயரில் யாருமில்லை

ஊசி ஏறும்போது பார்க்கக் கூடாது என்று மங்கையர்க்கரசி ஒவ்வொரு முறையும் நினைப்பாள், ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுவாள். இன்றைக்கும் பார்த்தாள். சிஸ்டர் பிளெசி அவள் கணவர் சிதம்பரநாதனின் இடது கையைத் திருப்பி, கயிறு மாதிரிப் புடைத்துக் கிடக்கிற நரம்பை விரலால் தடவி, இரண்டு ஊசிகளை ஏற்றிப் பிளாஸ்டரை ஒட்டினாள். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்தே அதில் எதுவும் எளிதில் அசைந்ததில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர், மைதானத்து வெயிலில் நின்று நின்று முகத்தை அப்படிப் பழக்கி வைத்திருந்தார். குழாய் சிவந்தது. டயாலிசிஸ் மிஷினின் பம்பு சுற்றத் தொடங்கியது. இனி மத்தியானம் வரைக்கும் அவர் ரத்தம் வெளியே போய், கழுவி, உள்ளே வரும். அவள் பக்கத்து நாற்காலியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பாள். இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. ஆனால் இன்றைக்குக் காலையில் ஆட்டோவில் வரும்போது, முருகன்குறிச்சி திருப்பத்தில், வெளியே பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: “அடுத்த வாரத்துலேர்ந்து இது வேண்டாம்னு நெனைக்கேன், மங்கை.” அந்த நேரம் பார்த்து அவள் கைபேசி அடித்தது. அவள் எடுத்துவிட்டாள். எடுத்திருக்கக் கூடாது. எடுக்காமல் எப்படி இருப்பது, இன்றைக்குத்தான் கண் ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் திறக்கிறார்கள், இன்றைக்குத்தான் அவள் கம்பெனி எழுதிக் கொடுத்த மென்பொருள் முதன்முதலாக அங்கே ஓடுகிறது, பேசுவது இர்பான், குரலிலேயே கலக்கம். “மேடம், சத்தம் வரல.” என்ன சத்தம் வரல. “பேரு கூப்பிடுத சத்தம்.” அவள் இர்பானோடு பேசியபடியே ஆட்டோவிலிருந்து இறங்கினாள், பேசியபடியே அவருக்குக் கை கொடுத்தாள், பேசியபடியே படியேறினாள். அவர் சொன்னதற்குப் பதில் அந்த முருகன்குறிச்சி திருப்பத்திலேயே நின்றுவிட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டோமா. கேட்காத மாதிரி இருந்துவிடலாமா.

இர்பான் மேலப்பாளையத்துக்காரன், அவளோடு அந்தச் சின்னக் கம்பெனியில் நான்கைந்து வருஷமாக இருப்பவன், பதற்றப்படுகிற ஆள் கிடையாது. அவன் பதறினால் விஷயம் இருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கெல்லாம் கண்ணில் மருந்து ஊற்றியாயிற்று, பாவை விரிந்து எல்லாம் மங்கலாகத் தெரியும், சுவரில் மின்னுகிற எழுத்தை ஒருத்தராலும் படிக்க முடியாது. அதனால்தான் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிற ஏற்பாடு கேட்டார்கள். பழைய கட்டடத்தில் நர்சுகளே வாசலில் நின்று கூப்பிட்டார்கள். புதுக் கூடம் நீளம், நர்சுகளுக்கு உள்ளே வேலை. டாக்டர் உள்ளே ஒரு பொத்தானை அமுக்கினால் கூடத்தில் இன்னார் இந்த அறைக்கு வரவும் என்று குரல் வர வேண்டும். வரவில்லை. அவளுடைய ஆப்பிள் மடிக்கணினியில் வந்தது. இர்பானுடைய விண்டோஸ் கணினியில் வந்தது. நேற்றுச் சாயங்காலம்தான் அதை, லினக்ஸ் என்கிற வேறு இயங்குதளத்தில் ஓடுகிற ஆஸ்பத்திரிக் கணினிக்கு மாற்றினார்கள், ஒலிபெருக்கிக்கு வயர் இழுக்காததால் சத்தத்தை மட்டும் சோதித்துப் பார்க்கவில்லை. எதை விடுகிறோமோ அதுதான் வந்து நிற்கும். அவள் திரையைத் திறந்து, தொலைவிலிருந்தே அந்தக் கணினிக்குள் நுழைந்து, பிழைச் செய்தியைத் தேடினாள். நீளமான ஆங்கிலத்தில் இருந்தது. சுருக்கிச் சொன்னால், அந்தப் பெயரில் யாருமில்லை. அவள் அதை இரண்டு தரம் படித்தாள். கட்டிலில் அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறாரா. வேண்டாம்னு நெனைக்கேன். நெனைக்கேன் என்றுதானே சொன்னார், முடிவு பண்ணிட்டேன் என்று சொல்லவில்லையே. நினைப்பது வேறு, முடிவு வேறு. ஆனால் அவர் எதையும் முடிவு பண்ணிய பிறகுதான் நெனைக்கேன் என்பார். வேலையை விட்டதும் அப்படித்தான். கார் வேண்டாம் என்றதும் அப்படித்தான்.

நோயாளியின் பெயர் இல்லை அது, நிரல் கூப்பிடுகிற கணினியின் பெயர்; அதில் ஒரு எழுத்து தப்பாக இருக்கும் என்று முதலில் தோன்றியது. பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அவர்கள் எழுதியது எல்லாம் ஒரு கன்டெய்னருக்குள் இருக்கிறது. துறைமுகத்தில் அடுக்கியிருக்கிற இரும்புப் பெட்டி மாதிரிதான், கணினிக்குள் இன்னொரு மூடிய பெட்டி. எந்தக் கணினிக்குக் கொண்டுபோனாலும் அப்படியே ஓடும் என்று சொல்லித்தான் அதைக் கொண்டுவந்தார்கள். உள்ளே இருக்கிற நிரலுக்குத் தான் பெட்டிக்குள் இருப்பது தெரியாது. தன்னையே முழுக் கணினி என்று நினைத்துக்கொண்டிருக்கும். ஆனால் ஒலிபெருக்கி வெளியே இருக்கிறது, நிஜக் கணினியில், அதை இயக்க அங்கே தனியாக ஒரு சின்ன நிரல் ஓடுகிறது. பெட்டிக்குள்ளிருந்து அந்த வெளிக் கணினியைக் கூப்பிட ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொன்னால் வெளியே எடுத்துக்கொள்வார்கள். அவள் கணினியில் எடுத்துக்கொண்டார்கள். இர்பான் கணினியில் எடுத்துக்கொண்டார்கள். இங்கே மட்டும் ஏன் இல்லை. மிஷின் கீ என்று கத்தியது, அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள், பிளெசி வந்து குழாயை லேசாக நகர்த்தி, “ஒண்ணுமில்லக்கா, கை மடங்கிட்டு,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கையில் உள்ளங்கையை வைத்தால் உள்ளே ரத்தம் இரைவது தெரியும், மாவு மில்லின் சுவரில் கை வைத்த மாதிரி. ஊசி ஏற்றுவதற்காகத் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடம். முதலில் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பிறகு தூக்கம் வராத நேரங்களில் அதன் மேல் கை வைத்துக்கொண்டு படுக்கப் பழகினாள், இரைச்சல் இருக்கிறது, இருக்கிறது என்று. அது நின்றுபோன வீட்டை அவளால் யோசிக்க முடிகிறது என்பதுதான் பயமாக இருந்தது. அலமாரியில் சட்டைகள், கொடியில் துண்டு, சமையலறையில் ஒரே ஒரு தட்டு, அதில் உப்புப் போட்ட சாப்பாடு. உப்பு என்று நினைத்ததும் நாக்கில் ஊறியது, உடனே தன்மேல் கோபம் வந்தது. அவருக்காக அவளும் உப்பை விட்டவள். காயை வேக வைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, மறுபடி வேக வைத்துச் சாப்பிடுகிறவள். இத்தனையும் எதற்கு. வேண்டாமென்றால் எதற்கு.

“மேடம், இருக்கியளா?” இர்பான். பின்னால் ஒரே கூச்சல். “நான்தான் கூப்பிட்டுக்கிட்டிருக்கேன் மேடம், வாயால. பேச்சியம்மாள்னு சொன்னா மூணு பேரு எந்திரிக்காங்க. ஒரு பெரியவரு தூணுல போயி முட்டிக்கிட்டாரு. மத்தியானத்துக்குள்ள சரியாகலன்னா கழட்டிருங்கன்னு மேனேஜர் சொல்லிட்டாரு.” அடிபட்டுவிட்டதா என்று கேட்டாள். இல்லை, லேசாக வீங்கியிருக்கிறது, உட்கார வைத்திருக்கிறேன் என்றான். “தொண்டை போயிட்டு மேடம்,” என்று சிரிக்கப் பார்த்தான். தண்ணி குடி இர்பான் என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகு அவள் கட்டிலைப் பார்த்தாள். தண்ணீர் என்ற சொல்லை அவர் இருக்கிற இடத்தில் அவள் சொல்வதில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து வைத்திருக்கிற சொம்பு. வெயில் காலத்தில் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, அது கரைந்துவிடக் கூடாதே என்று நாக்கை அசைக்காமல் உட்கார்ந்திருப்பார். போன சித்திரையில் ஒருநாள் குளியலறைக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. அவர் குனிந்து குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார், அத்தனை பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்த மனுஷன், கண்ணை மூடி, மாடு குடிப்பது போல. அவள் சத்தமில்லாமல் திரும்பி வந்து துணி மடித்தாள். அவர் வந்து பேப்பர் படித்தார். அன்றைக்கு ஏதாவது கேட்டிருக்க வேண்டும். திட்டியாவது இருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து மூச்சுத் திணறி இங்கே தூக்கிக்கொண்டு வந்தபோது டாக்டர் கேட்டதற்குக்கூட அவள்தான் பதில் சொன்னாள், தெரியல டாக்டர், அளவாத்தான் குடுத்தேன். எப்போதும் அவள்தான் பதில் சொல்கிறாள். மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதாரா, சாப்பிடுதார். தூங்குதாரா, தூங்குதார். வியாழக்கிழமை வருவியளா, வந்துருவோம். அவர் எப்போது இங்கே தன் வாயால் ஒரு பதில் சொன்னார் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

பெயர். பெயருக்குத் திரும்பி வந்தாள். அவள் கணினியில் அந்தப் பெயரை யார் எழுதி வைத்தது. அவள் எழுதவில்லை. இர்பானும் எழுதியிருக்க மாட்டான். அப்படியானால் அது தானாகவே அங்கே இருந்திருக்கிறது. இப்படி யோசித்ததும் உடம்பில் ஒரு சிறு சிலிர்ப்பு ஓடியது, கீழே விழுந்த ஊசி காலில் தட்டுப்படுகிற மாதிரி. ஆப்பிளிலும் விண்டோஸிலும் கன்டெய்னர் நேராக ஓடுவதில்லை. இடையில் ஒரு மறைவான லினக்ஸை வைத்து அதற்குள் ஓட்டுகிறார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்த மென்பொருளே கூடவே ஒரு வசதியையும் செய்து வைத்திருக்கிறது, வெளிக் கணினிக்கு ஒரு பெயரை, கேட்காமலே. லினக்ஸில் இடையில் யாருமில்லை. யாருமில்லாததால் அந்தப் பெயரையும் யாரும் எழுதி வைக்கவில்லை. நாம்தான் எழுத வேண்டும். இத்தனை நாளும் அந்தப் பெயர் கன்டெய்னருக்கே சொந்தம் என்று நம்பிக்கொண்டிருந்தாள், பக்கத்து வீட்டுக்காரர் போட்டு வைத்த விளக்கைத் தெருவிளக்கு என்று நினைத்த மாதிரி. எந்தக் கணினிக்குப் போனாலும் அப்படியே ஓடும் என்று மேனேஜரிடம் சொன்னது அவள்தான். ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், இந்தப் பெயர் என்றால் வெளி வாசல் என்று பொருள் என்று. சேர்த்தாள். நிறுத்தி மறுபடி ஓட்டினாள். “இர்பான், பொத்தானை அமுக்கச் சொல்லு.” கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. “இல்ல மேடம்.” திரையில் இப்போது வேறு செய்தி. பெயர் தெரிந்துவிட்டது. ஆள் இருக்கிறது. ஆனால் இணைப்பை மறுக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது, இதற்குப் போய். காய்கறி நறுக்குகையில் வருகிற மாதிரி, காரணத்துக்குச் சம்பந்தமே இல்லாமல். வேறு சிறுநீரகம் வைக்க அவர் இதயம் தாங்காது என்று மதுரையில் சொன்ன அன்றைக்குக்கூட அவள் அழவில்லை, திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டாள். அன்றைக்கு அவர் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கிக்கொடுத்தார், தனக்கு வேண்டாம் என்று. வேண்டாம் என்ற சொல் அவருக்கு எத்தனை சுலபமாக வருகிறது. தண்ணீர் வேண்டாம், மாம்பழம் வேண்டாம், பொண்ணுட்ட சொல்ல வேண்டாம். கோயம்புத்தூரில் படிக்கிற அன்னபூரணிக்கு அப்பா நன்றாக இருக்கிறார் என்பதுதான் இன்றைக்கு வரைக்கும் தெரியும். அவள் லீவுக்கு வருகிற நாட்களில் அவர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வார், இங்கே வருவதைப் பேங்க் வேலை என்பார்கள். அவளிடம் நான் என்ன சொல்லுவேன். உங்கப்பா வேண்டாம்னுட்டார், நான் அப்போ போன்ல இருந்தேன் என்றா.

அவர் காலை அசைத்தார். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்திருக்கும், நீர் இறங்க இறங்க அப்படிப் பிடிக்கும். மடிக்கணினியை நாற்காலியில் வைத்துவிட்டு அவள் போய் அவர் பாதத்தைப் பிடித்து, விரல்களைப் பின்னால் மடக்கி அழுத்தினாள். ஒரு காலத்தில் பந்தய ஓட்டம் ஓடிய கால், இப்போது தோல் பளபளத்து, முடி உதிர்ந்து, பச்சைக் குழந்தையுடையது போல இருந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. இடுங்கியிருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. பாதத்தைப் பிடித்துக்கொண்டே யோசித்தாள், ஏன் மறுக்க வேண்டும். ஒலிபெருக்கி நிரல் அதே கணினியில்தானே இருக்கிறது, உயிரோடுதானே இருக்கிறது. அதை எழுதியதும் அவள்தான். எழுதும்போது, பாதுகாப்புக்காக, தன் கணினிக்குள்ளிருந்து கூப்பிட்டால் மட்டும் பதில் சொல், வெளி ஆட்களுக்குக் காது கொடுக்காதே என்று கட்டளை வைத்திருந்தாள். நல்லதுதான். ஆனால் லினக்ஸில் பெட்டிக்குள்ளிருந்து வருகிற குரல், வேறொரு வாசல் வழியாக, வெளி ஆள் மாதிரியே வருகிறது. இருவருக்கும் நடுவில் இருக்கிற சுவர் ஒரு விரற்கடை கனம்கூட இல்லை, என்றாலும் வெளி ஆள். அவளுக்குச் சட்டென்று களைப்பாக இருந்தது. அவர் பாதம் குளிர்ந்திருந்தது. போர்வையை இழுத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்து, நிரலில் அந்தக் கட்டளையைத் திருத்தினாள், பெட்டிகள் வருகிற வாசலையும் சேர்த்துக் கேள் என்று, அதற்கு மட்டும், ஊருக்கெல்லாம் இல்லை. ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். கணினியின் காவல் சுவரிலும் அந்த ஒரு வாசலை மட்டும் திறந்தாள். “இப்ப அமுக்கச் சொல்லு, இர்பான்.” கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கூடத்து இரைச்சல், ஒரு குழந்தை அழுவது, யாரோ இருமுவது. பிறகு எல்லாவற்றுக்கும் மேலே, சீரான, உணர்ச்சியில்லாத அந்தப் பெண் குரல்: இசக்கிமுத்து, அறை நான்கு. “எந்திரிச்சிட்டாரு மேடம்,” என்றான் இர்பான், கம்மிய குரலில். “கம்பியப் பிடிச்சிக்கிட்டுப் போறாரு.” அடுத்த பெயர் வந்தது. அதற்கடுத்ததும். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது இருந்தார்கள். அவள் போதும் என்று சொல்லிக் கைபேசியை வைத்தாள்.

“சரியாயிட்டா?” என்று அவர் கேட்டார். கண் திறந்திருந்தது. எப்போதிலிருந்து விழித்திருந்தார் என்று தெரியவில்லை. சரியாயிட்டு என்றாள். “என்னவாம்?” “கூப்பிடுத பேரு அங்க இல்ல. எழுதி வச்சேன்.” அவர் தலையசைத்தார். புரிந்திருக்காது, ஆனால் புரிந்த மாதிரி அசைப்பது அவருடைய மரியாதை. பம்பு சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது எழுந்து ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வருகிறேன் என்று போய்விடலாம், அல்லது பிளெசியைக் கூப்பிட்டுப் பிரஷர் பார்க்கச் சொல்லலாம். “காலையில நான் சொன்னது கேட்டுச்சா?” என்றார் அவர், கூரையைப் பார்த்துக்கொண்டு. இல்லை என்று சொல்லிவிட்டால் அவர் மறுபடி சொல்ல மாட்டார். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். இன்னும் ஒரு மாதம், இரண்டு மாதம், அவர் பேசாமல் வந்து போவார், அவளுக்காக. இல்லை என்ற அந்தச் சொல் வாய்க்குள் ஐஸ் துண்டு மாதிரி இருந்தது. “கேட்டுச்சு,” என்றாள். அவர் தலையை அவள் பக்கம் திருப்பினார். பிறகு, “இது முடிஞ்சு போனா ஒரு நாளு பொணம் மாதிரி கெடக்கேன். மறுநாள் கொஞ்சம் மனுசனா இருக்கேன், உன்கூட நாலு வார்த்தை பேசுதேன். அதுக்குள்ள அடுத்தது வந்துருது. சாகணும்னு இல்ல, மங்கை. இப்படி வேண்டாம்னுதான்.” அவள் மடிக்கணினியை மூடினாள். “நான் என்ன சொல்லணும்னு நெனைக்கிய?” “தெரியல.” “வேண்டாம்னா என்னாகும்னு தெரியும்லா?” “தெரியும். டாக்டர்ட்ட போன வாரமே கேட்டுட்டேன். நீ கீழ மாத்திரை வாங்கப் போயிருந்த.” அவளுக்கு முதலில் உறைத்தது அந்த டாக்டர் தன்னிடம் சொல்லவில்லையே என்பதுதான். அப்புறம்தான், அவர் தன் வாயால் கேட்டிருக்கிறார் என்பது. தனியாக, இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு, எப்படிக் கேட்டிருப்பார், எந்தச் சொல்லை முதலில் வைத்திருப்பார். “எனக்குச் சம்மதம் இல்ல,” என்றாள். “எனக்குக் கோவமா இருக்கு. ஆனா நீங்க சொன்னது கேட்டுச்சு. கேக்காத மாதிரி இருந்தது தப்பு.” அவர் வலது கையை, ஊசி இல்லாத கையை, கட்டிலின் விளிம்பு வரை நகர்த்தி வைத்தார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அதில் இரைச்சல் இல்லை. வெறும் கை.

மிஷின் ஓய்ந்ததும் பிளெசி வந்து ஊசிகளை உருவி, பஞ்சை வைத்து அழுத்தினாள். “வியாழக்கிழமை அதே நேரந்தானக்கா?” என்று வழக்கம் போல அவளைப் பார்த்துத்தான் கேட்டாள். மங்கையர்க்கரசி அவர் பக்கம் திரும்பினாள். பிளெசி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “வாரோம், சிஸ்டர்,” என்றார் சிதம்பரநாதன். “வியாழக்கிழமை வாரோம். அன்னைக்கு டாக்டர்ட்ட கொஞ்சம் நேரம் வேணும். நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசணும்.” பிளெசியின் விரல் பஞ்சின் மேலேயே நின்றது. அவளுக்கு அநேகமாகப் புரிந்துவிட்டது. இந்த வேலையில் இருப்பவளுக்குப் புரியும். சொல்லி வைக்கிறேன் சார் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பிளாஸ்டரை ஒட்டினாள். வெளியே வெயில் கொதித்தது. வேப்ப மரத்தடியில் கிடந்த பெஞ்சில் அவரை உட்கார வைத்துவிட்டு ஆட்டோ பிடிக்க ரோட்டுக்குப் போகப் பார்த்தவளை, “இரி,” என்றார். அவள் உட்கார்ந்தாள். “அன்னபூரணிக்கு இப்ப சாப்பாட்டு நேரந்தானே?” அவள் ஆமாம் என்றாள். “நான் சொல்லட்டா?” என்று கேட்டாள், பழக்கத்தில். “வேண்டாம். நானே சொல்லுதேன். எல்லாத்தையும் இல்ல. இங்க வந்துட்டுப் போறேங்கிறத மொதல்ல சொல்லுதேன். லீவு போட்டுட்டு வரச் சொல்லுதேன்.” சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, கண்ணுக்குத் தள்ளிப் பிடித்து, பொத்தான்களைத் தேடித் தேடி அமுக்கினார். மணி போய்க்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார், மைதானத்தில் பேசப் போகிறவர் மாதிரி. மங்கையர்க்கரசி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலி ஆட்டோ ஒன்று வேகம் குறைத்து, யாரும் கை காட்டாததால் போய்விட்டது. பிறகு, அவர் காதிலிருந்து கசிந்து, சின்னதாக, சோறு மென்றுகொண்டே கேட்கிற குரல் அவளுக்கும் கேட்டது: “அப்பாவா? நீங்களா கூப்பிடுதிய?”